சாஞ்சியில் ‘தானம்’, கோண்டியில் ‘கெவி’: வாசகர் வினா விடை

சென்ற இதழில் இந்திய மாநிலங்களைப் பற்றிக் கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு விடை எழுதும்போது, மத்தியப் பிரதேசத்தை “இந்தி பேசும் மாநிலம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்காகத் திருகோணமலை மாவட்டத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சில கடிதங்களில் கோபமும் சிலவற்றில் ஆவலும் தெரிகின்றன. நியாயமில்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. எனவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த மாநிலத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உப்புவெளி): இத்தனை பெரிய மாநிலத்தில் இந்தி ஒன்றைத்தானா எல்லோரும் வீட்டிலும் பேசுகிறார்கள்?

பதில்: இல்லை ஐயா. நான் எழுதிய வரி அரச அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் பொருந்தும், அடுப்படிக்குப் பொருந்தாது. நம் நாட்டைப் போல நாலரை மடங்குக்கும் மேலான பரப்புள்ள அந்த மாநிலம் 1956 நவம்பர் 1ஆம் நாள் இன்றைய பெயரில் உருவானது. 2000ஆம் ஆண்டு அதே நவம்பர் 1இல் அதன் கிழக்குப் பகுதி சத்தீஸ்கர் என்ற தனி மாநிலமாகப் பிரிந்தது. எஞ்சிய பகுதியில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7 கோடி 26 இலட்சம் பேர் வாழ்ந்தனர். இவர்களுள், வடக்கே புந்தேல்கண்டில் உள்ளவர்கள் புந்தேலி பேசுகின்றனர். அது மதுராப் பக்கத்து விரஜ மொழிக்கு நெருக்கமானது. வடகிழக்கே ரேவாவைச் சுற்றிப் பேசப்படும் பகேலியோ அயோத்திப் பக்கத்து அவதி மொழியின் உறவு. உச்சயினி, இந்தூர் ஆகிய நகரங்கள் அமைந்த மேற்குப் பீடபூமியின் மால்வியும், அதற்குத் தெற்கே நர்மதைக் கரையில் பேசப்படும் நிமாடியும் இராஜஸ்தான் மொழிகளின் சாயலைக் கொண்டவை. இந்த நான்கில் ஒன்றைத் தம் தாய்மொழி என்று சொன்னவர்களையும் கணக்கெடுப்பு “இந்தி” என்ற பெருந்தலைப்பின் கீழேயே கூட்டிக்கொள்கிறது. நான் செய்ததும் அதே பிழைதான்.

அத்தலைப்புக்குள் அடங்காதவையும் உண்டு. ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களின் பீல் மக்கள் பேசும் பீலி ஒன்று. பேதூல், கண்ட்வாப் பக்கங்களில் பேசப்படும் கோர்கு இன்னொன்று. அது வடமொழிக் குடும்பத்தையும் சேர்ந்ததல்ல, நம் மொழிக் குடும்பத்தையும் சேர்ந்ததல்ல. கிழக்கிந்தியப் பழங்குடி மொழிகளான சாந்தாலி, முண்டாரி ஆகியவற்றின் உடன்பிறப்பான அது, மிகத் தொலைவில் கம்போடியாவின் கெமர் மொழிக்கும் உறவாகிறது. கோர்கு பேசுவோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 27 ஆயிரம் பேர். மூன்றாவது கோண்டி. அது திராவிட மொழி. ஆகவே “இந்தி மாநிலம்” என்று நான் எழுதிய இடத்தில் மூன்று மொழிக் குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன.

கேள்வி (உயர்தர மாணவி ஒருவர், திருகோணமலை நகர்): கோண்டி தமிழிலிருந்து பிறந்தது என்று முகநூலில் படித்தேன். அது உண்மையா? சில சொற்களைக் காட்ட முடியுமா? அதற்கு எழுத்து உண்டா?

பதில்: உண்மையல்ல, மகளே. கோண்டி தமிழின் பிள்ளையல்ல, உடன்பிறந்தது. அதிலும் அது தெலுங்கு இருக்கும் கிளைக்கு நெருங்கியது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்திலேயே கால்டுவெல் அதைத் திராவிட மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். எல்லா மொழிக்கும் தமிழே தாய் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கலாம். ஆனால், அந்த மகிழ்ச்சிக்காக உடன்பிறந்தவரைப் பிள்ளையாக்கிவிட்டால், அவரிடமிருந்து நாம் அறிந்துகொள்ளக் கூடியதையும் இழந்துவிடுவோம். அது எப்படி என்பதைச் சொற்களிலேயே காட்டுகிறேன்.

கோண்டியில் கண்ணுக்குக் கண், கைக்குக் கய், காலுக்குக் கால், தலைக்குத் தலா, மீனுக்கு மீன். பல் என்றால் பல். பால் என்றால் பால். உயிரின் குறிலும் நெடிலுமே பொருளை மாற்றுவதும் நம்மைப் போலவே. ஊரை நார் என்பர். அது நம்முடைய ‘நாடு’. தண்ணீருக்கு ஏர் என்று பெயர். இது கலப்பையல்ல, பழந்தமிழின் ‘யாறு’, தெலுங்கின் ‘ஏறு’ ஆகியவற்றோடு அறிஞர் இதனைச் சேர்த்துவைக்கின்றனர். நமக்கு ஓடும் ஆற்றைக் குறிக்கும் சொல் அவர்களுக்குக் குடத்திலுள்ள நீரைக் குறிக்கிறது.

இதுவரை சொன்னவை ஒற்றுமைகள். நான் உங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்வது வேற்றுமைகளை. நாம் ‘செவி’ என்கிறோம், தெலுங்கரும் ‘செவி’ என்கின்றனர். கோண்டியிலோ அது ‘கெவி’. கன்னடத்தில் ‘கிவி’. இகர எகரங்களுக்கு முன் வந்த பழைய ககரம் தமிழில் சகரமாகத் திரிந்தது. கன்னடமும் கோண்டியும் அந்தப் பழைய ஒலியை விடவில்லை. எண்களுக்கு வாருங்கள். ஒன்று முதல் நான்கு வரை உந்தி, ரண்ட், மூண்ட், நாலுங் என்று வரும்போது பெரும் வியப்பு ஒன்றும் இல்லை. ஐந்துக்குச் சய்யுங், ஆறுக்குச் சாருங். நம்முடைய ஐந்தும் ஆறும் உயிரெழுத்தில் தொடங்க, அங்கே முன்னால் ஒரு சகரம் நிற்கிறது! அது அவர்கள் ஒட்டவைத்ததல்ல. மூல மொழியில் இருந்து, நாம் உதிர்த்துவிட்டது. ஏட்டில் பெரும்பாலும் எழுதிவைக்கப்படாத அந்த மலைவாய்மொழி, ஈராயிரம் ஆண்டு இலக்கியமுள்ள நாம் தொலைத்த ஒலியை நாவிலேயே வைத்துக் காத்திருக்கிறது. கோண்டியைத் தமிழின் பிள்ளை என்று எண்ணுபவருக்கு இது ஒருநாளும் கண்ணில் படாது.

எழுத்தையும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தேவநாகரியிலோ தெலுங்கு எழுத்திலோ எழுதுகின்றனர். 1918இல் பாலாகாட்டைச் சேர்ந்த முன்ஷி மங்கல்சிங் மசாராம் கோண்டிக்கென்றே ஓர் எழுத்தை அமைத்தார். தெலங்கானாவின் அடிலாபாத் பகுதியிலுள்ள குஞ்சாலா என்னும் ஊரில் கிடைத்த சுவடிகளில் வேறொரு பழைய எழுத்து காணப்பட்டது. இரண்டும் முறையே 2017, 2018ஆம் ஆண்டுகளில் யூனிகோடில் இடம்பெற்றன. ஆகவே இப்போது கணினியில் கோண்டியை அதன் சொந்த எழுத்திலேயே எழுதலாம்.

கேள்வி (வாசகி ஒருவர், தம்பலகாமம்): கோண்டு மக்கள் தொகை ஒரு கோடிக்கு மேல் என்கிறார்கள். அப்படியானால் அம்மொழி ஏன் இவ்வளவு மறைந்து கிடக்கிறது?

பதில்: 2011இல் கோண்டியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இந்தியா முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ 29 இலட்சத்து 84 ஆயிரம் பேரே. கோண்டு இனத்தவருள் பெரும்பான்மையோர் இந்தியையோ சத்தீஸ்கரியையோ மராட்டியையோ வீட்டுமொழியாக ஏற்றுவிட்டனர் என்பதே இதன் பொருள். அரசாண்ட மக்கள் அவர்கள். இன்றைய ஜபல்பூரைச் சுற்றியிருந்த கட்டா இராச்சியத்தை, சந்தேலர் குலத்தில் பிறந்து கோண்டு மன்னர் தலபத்ஷாவுக்கு வாழ்க்கைப்பட்ட இராணி துர்காவதி, கணவர் இறந்தபின் மகனின் சார்பில் ஆண்டார். 1564இல் அக்பரின் தளபதி ஆசப்கானின் படையை யானைமேலிருந்து எதிர்த்து, அம்பு தைத்து மீளமுடியாத நிலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஜபல்பூர்ப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தைக் கடந்து போகிறவர்களுள் எத்தனை பேர் வீட்டில் கோண்டி பேசுகிறார்கள் என்பது வேறு கேள்வி.

காரணங்களுள் முதன்மையானது எல்லைக்கோடு என்றே நான் கருதுகிறேன். 1956இல் இந்திய மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி வகுக்கப்பட்டபோது கோண்டிக்கென ஒரு நிலம் அமையவில்லை. அதைப் பேசுவோர் மத்தியப் பிரதேசம், பின்னாளில் மகாராட்டிரமான பம்பாய், ஆந்திரம், ஒடிசா எனச் சிதறிப் போயினர். பின்னர் சத்தீஸ்கரும் தெலங்கானாவும் அப்பட்டியலில் சேர்ந்தன. எங்கும் சிறுபான்மை, எங்கும் வேறொரு பள்ளிமொழி. வடக்கே பேசுவதைத் தெற்கே உள்ளவர் எளிதில் விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு வட்டார வழக்குகளும் விலகிவிட்டன. இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் கோண்டி இல்லை. சந்தைக்கும் வழக்குமன்றத்துக்கும் பயன்படாத மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தாய் தயங்குகிறாள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்று தமிழையே தாய்மொழியாகப் பேசுவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே நடந்தது நமக்குப் புரியாத கதையல்ல.

கேள்வி (வாசகர் ஒருவர், கந்தளாய்): சாஞ்சிக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு என்பது எவ்வளவு உண்மை?

பதில்: திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக அனுராதபுரம் போகும்போது மிகிந்தலை வருகிறதல்லவா? அந்த மலைக்குப் பெயர் தந்த மகிந்த தேரரின் தாய்வீடு, அம்மாநிலத்தின் பௌத்தத் தலமான சாஞ்சியின் பக்கத்து ஊரான விதிசா என்று மகாவம்சம் கூறுகிறது. அசோகர் இளவரசராக உச்சயினியை ஆளப் போகும் வழியில், விதிசா வணிகர் ஒருவரின் மகளான தேவியை மணந்தார் என்றும், அவர்களுக்குப் பிறந்தவர்களே மகிந்தரும் சங்கமித்தையும் என்றும், மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன் தாயைக் காண வந்து அங்குள்ள மலை விகாரையில் தங்கினார் என்றும் அந்நூல் விவரிக்கிறது.

இதைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. சாஞ்சியின் பெருந்தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியில் நூற்றுக்கணக்கான குறுங்கல்வெட்டுகள் உள்ளன. நான் சென்றிருந்தபோது வழிகாட்டி ஒருவர் விரல் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கையகலக் கல்லில் நாலைந்து எழுத்துகள். கடைசி இரண்டு எழுத்துகளின் அருகில் ஒரு புள்ளி. அடுத்த கல்லிலும் அதே முடிவு, அதற்கடுத்ததிலும் அதே. 1837இல் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப், இந்தக் கல்வெட்டுகளின் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்கள் தம் பெயரை எழுதிக் கடைசியில் எழுதக்கூடிய சொல் என்னவாக இருக்கும்? ‘தானம்’. அந்த ஒரு சொல்லிலிருந்து த, ந ஆகிய எழுத்துகள் பிடிபட்டன. அதுவரை முழுதாகப் படிக்க முடியாதிருந்த பிராமி எழுத்து முழுவதும் அவிழ்ந்தது. அரசர் மட்டுமல்லர், துறவியரும், பெண்களும், வணிகரும், கைவினைஞரும் அங்கே கொடையாளிகள். தெற்கு வாயிலில், விதிசாவின் தந்த வேலைக்காரர்கள் இச்சிற்பத்தைச் செய்தனர் என்று எழுதியிருக்கிறது. யானைத் தந்தத்தில் பழகிய கையாதலால்தான் கல்லிலும் அத்தனை நுணுக்கம் வந்தது போலும்.

எழுத்து அவிழ்ந்ததும் இன்னொரு சிக்கல் எழுந்தது. கல்வெட்டுகளில் வரும் ‘தேவானம்பிய பியதசி’ யார்? தேவானம்பிய என்றதும் பிரின்செப் முதலில் நம் தீவின் தேவநம்பியதீசனையே எண்ணினார். இலங்கையில் பணியாற்றிய ஜோர்ஜ் டேர்னர், இங்குள்ள பாளி நூலிலிருந்து, பியதசி என்பது அசோகரின் பெயரே என்று காட்டினார். இந்தியாவின் பேரரசரை இந்தியாவுக்கு மீட்டுக்கொடுத்தது இலங்கை ஏடு என்று சற்றுப் பெருமையாகவே சொல்லலாம். 1851இல் சாஞ்சியிலிருந்து எடுக்கப்பட்டு இலண்டன் சென்ற சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் தாதுக்கள் 1947இல் இலங்கைக்கு வந்து, பின்னர் இந்தியா சென்று, 1952இல் சாஞ்சியில் மகாபோதி சங்கத்தின் புதிய விகாரையில் வைக்கப்பட்டன. கொடை எழுதும் வழக்கம் நம் மாவட்டத்திலும் உண்டு. வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு, விளக்குக்கு அளித்த கொடைகளைக் கூறும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பெரியகுளம் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம்.

கேள்வி (ஒரு வாசகர், கிண்ணியா): போபாலைப் பெண்கள் ஆண்டது மெய்யா?

பதில்: மெய்தான். 1819 முதல் 1926 வரை, சிறு இடைவெளியொன்று தவிர, குத்சியா, சிக்கந்தர், ஷாஜஹான், சுல்தான் ஜஹான் என்ற நான்கு பேகம்கள் தாய்க்குப் பின் மகளாக ஆண்டனர். சிக்கந்தர் பேகம் 1863–64இல் ஹஜ் சென்றுவந்து அப்பயணத்தை உருதுவில் எழுதிவைத்தார். சுல்தான் ஜஹான் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர். ஷாஜஹான் பேகம் தொடங்கிய தாஜுல் மஸாஜித் என்னும் பெரும் பள்ளிவாசல் பணமின்றி நின்றுபோய் 1985இல்தான் நிறைவெய்தியது. போபாலின் உருதுக் கவியரங்குகளையும் சேர்த்து எண்ணினால், என் ஒரு வரி இன்னும் ஒருமுறை பொய்யாகிறது.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர், சேனையூர்): ‘மஹுவா’ என்பது என்ன மரம்? நம் நாட்டில் உண்டா?

பதில்: அது நம் இலுப்பையேதான், அம்மா; அங்குள்ளது அகன்ற இலை வகை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலையுதிர்ந்து நிற்கும் மரத்திலிருந்து, வெண்மஞ்சள் நிறச் சதைப்பற்றுள்ள பூக்கள் விடியற்காலையில் பொத்துப்பொத்தென்று விழும். முதல்நாளே மரத்தடிச் சருகைக் கூட்டி எரித்துத் தரையைத் துப்புரவாக்கிவைத்துவிட்டு, இருள் பிரியுமுன் பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு வந்துவிடுவர். வெயிலில் காய்ந்தபின் பூ முந்திரிகை வற்றல் போலச் செந்தவிட்டு நிறமாகிறது. அமர்கண்டக் போகும் வழியில் ஒரு வாரச்சந்தையில் மூதாட்டி ஒருவர் என் உள்ளங்கையில் நாலைந்தை வைத்து, தின்னும்படி சைகை காட்டினார். முதலில் இனிப்பு, அதன்பின் கள் போன்றதொரு புளித்த வாசனை. அவித்துத் தின்பர், மாவோடு சேர்ப்பர், சாராயமும் காய்ச்சுவர். அந்தச் சாராயம் பிறப்பிலும் இறப்பிலும் தெய்வத்துக்குப் படைக்கப்படுவது. “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்று நாம் ஏளனமாகச் சொல்லும் பழமொழியை அங்கே போய்ச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நாம் அம்மரத்தின் விதையை ஆட்டிக் கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுத்ததோடு நின்றுவிட்டோம்.

கேள்வி (சித்திர ஆசிரியர் ஒருவர், நிலாவெளி): கோண்டு ஓவியம் பழமையானதா, அண்மையில் உருவானதா?

பதில்: இரண்டும். சுவரிலும் முற்றத்திலும் கோலமிடுவது பழமை. தாளிலும் துணியிலும் நாம் காணும் இன்றைய வடிவம் 1980களின் தொடக்கத்தது. சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், 1982இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவன் கலைமையத்தின் அருங்காட்சியகத்தை அமைத்தபோது, பாட்டன்கட் என்னும் சிற்றூரின் சுவரோவியங்கள் வழியாக ஜன்கட் சிங் ஷியாம் என்ற இளைஞர் கண்டறியப்பட்டார். அவர் பர்தான் குடியினர்; ‘பானா’ என்னும் நரம்புக்கருவியை இசைத்துக் கோண்டுகளின் பெருந்தேவரையும் குலக்கதைகளையும் பாடுவது அக்குடியின் தொழில். பாட்டு வண்ணமானது என்று கொள்ளலாம். மானின் கொம்பு மரமாகக் கிளைவிடும். உடல் முழுவதையும் புள்ளியோ சிறுகோடோ பிறைவடிவோ நிரப்பும். அந்த நிரப்பல் ஒவ்வோர் ஓவியருக்கும் கையொப்பம் போலத் தனித்தனி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜன்கட் 2001இல் ஜப்பானில் இளவயதிலேயே உயிர் துறந்தார். அதே பாரத் பவன் கட்டுமானத்தில் கல் சுமந்துகொண்டிருந்த பீல் பெண் பூரி பாயின் கையில் சுவாமிநாதன் தூரிகையைக் கொடுத்தார். அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கேள்வி (வாசகர் ஒருவர், மூதூர்): கஜுராஹோ என்றாலே நெளிகிறார்களே?

பதில்: சந்தேல மன்னர் கட்டிய அக்கோயில்களின் சிற்பங்களில் காமக் காட்சிகள் சிறுபகுதியே. மீதியைப் பார்க்காமல் திரும்பியவர்களே நெளிகிறார்கள்.

கேள்வி (சிவனடியார் ஒருவர், பாலையூற்று): 2028இல் உச்சயினிச் சிம்ஹஸ்தம் என்னும் கும்பமேளாவுக்குப் போக எண்ணுகிறோம். உடன் எதைப் பார்க்கலாம்?

பதில்: தெற்கு நோக்கிய மகாகாளேஸ்வரரை விடியுமுன் நடக்கும் திருநீற்று ஆராத்தியில் காண முன்பதிவு வேண்டும். காலையில் கிடைக்கும் ‘போஹா’ என்பது நம் அவல்தான். கடுகும் வெங்காயமும் தாளித்து மஞ்சள் சேர்த்தது. பக்கத்தில் ஜிலேபி வைப்பார்கள், திகைக்காதீர்கள். பின்னர் நர்மதைத் தீவிலுள்ள ஓங்காரேஸ்வரத்துக்குப் போங்கள். அங்கே வெள்ளுடையில், கையில் கோலும் தோளில் சிறு மூட்டையுமாக நடப்பவர்களைக் காண்பீர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து நம் ஊர் வழியாக, வெருகலைத் தாண்டிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரிகரை நீங்கள் உபசரித்திருப்பீர்கள். இவர்கள் அவர்களின் உறவினர் போலவே தோன்றுவர். 1,312 கிலோமீட்டர் ஓடும் நர்மதையை, நதி எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படி, ஒரு கரையில் இறங்கி மறுகரையில் ஏறி முழுவதும் வலம்வருகிறார்கள். மரபுப்படி செய்தால் மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள். வழியிலுள்ள ஊரார் மாவும் பருப்பும் கொடுத்து அனுப்புவர். புந்தேலியோ நிமாடியோ கோண்டியோ, கொடுப்பவரின் மொழி கரைக்குக் கரை மாறிக்கொண்டே போகும். நடுவில் நதியைக் கடக்கக்கூடாது என்பது கடுமையான விதி. ஆகையால் ஓங்காரேஸ்வரத்தில் தொடங்கியவர்கள், வலம் முடிந்து, குப்பியில் சுமந்துவந்த நர்மதை நீரை இறைவனுக்கு வார்க்கும் நாள் வரையில், தீவிலுள்ள அந்தக் கோயிலைக் கரையில் நின்றபடியே கும்பிடுவார்கள்.